முப்பத்தொரு சாமானும் ஒரு ராட்டினமும்

ஒரு பிள்ளை ஒரு நாள் ராட்டினத்தில் ஏறி இறங்க என்னென்ன வேண்டும் என்று உங்களைக் கேட்டால், ஒரு ராட்டினம் வேண்டும் என்பீர்கள். கொஞ்சம் யோசித்துவிட்டு, ஒரு பிள்ளையும் வேண்டும் என்பீர்கள். அவ்வளவுதான் உங்கள் அறிவு. அதனால்தான் நீங்கள் இன்னும் எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் தாளாளர் ஆகாமல் இருக்கிறீர்கள்.

லிஃப்ட்காரருக்கும் அந்த அளவு அறிவுதான் இருந்தது. பதினெட்டு வருஷமாக அடுக்குமாடிக் கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். கயிறு தேய்ந்திருக்கிறதா, பிரேக் பிடிக்கிறதா, கதவு ஒழுங்காக மூடுகிறதா என்று பார்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு அடுத்த கட்டடத்துக்கு ஓடுவார். மனிதர்களை மேலே ஏற்றிக் கீழே இறக்குவதுதான் அவர் தொழில். அதில் இத்தனை சிக்கல் உண்டு என்பதை மகளின் பள்ளிக்கூடம் சொல்லித்தான் தெரிந்துகொண்டார்.

மகளுக்கு வீட்டில் வாண்டு என்று பெயர். ஐந்தாம் வகுப்பு. போன வருஷம் பள்ளிக்கூடத்தில் பொழுதுபோக்குப் பூங்காவுக்குச் சுற்றுலா போனார்கள். வாண்டு பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் இடம் பிடித்து, பக்கத்துப் பெஞ்சுக்காரியோடு கைகோத்துக்கொண்டு உட்கார்ந்தும் விட்டாள். அப்போதுதான் பி.டி. மாஸ்டர் குனிந்தபடி ஒவ்வொரு காலாகப் பார்த்துக்கொண்டே வந்தார். காலுறையில் இரண்டு கோடு இருக்கவேண்டும் என்பது விதி. வாண்டுவின் காலுறையில் மூன்று கோடு. இறக்கிவிட்டுவிட்டார்கள். பஸ் போய்விட்டது. அன்று பகல் முழுக்க அவள் நூலகத்தில் உட்கார்ந்து 'ஒழுக்கம்' என்று இருநூறு தடவை எழுதினாள்.

அந்த மூன்றாவது கோடு லிஃப்ட்காரரின் நெஞ்சில் கிடந்து அறுத்துக்கொண்டே இருந்தது. காலுறை வாங்கியது அவர்தான். இரண்டு வேலைக்கு நடுவில் கடைக்குள் நுழைந்து, கையில் கிடைத்ததை எடுத்து வந்துவிட்டார். கோடு எண்ணவில்லை. மகள் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை என்பதுதான் இன்னும் மோசம்.

இந்த வருஷம் விட்டால் போச்சு. ஆறாம் வகுப்பிலிருந்து அந்தப் பள்ளிக்கூடத்தில் சுற்றுலா கிடையாது, நுழைவுத் தேர்வுப் பயிற்சிதான். எந்தத் தேர்வுக்கு என்பதை எட்டாம் வகுப்பில் சொல்வார்களாம். போதாக்குறைக்கு, பக்கத்துப் பெஞ்சுக்காரி அதே பூங்காவின் பெரிய ராட்டினத்தில் வாண்டுவுக்கு இப்போதே இடம் போட்டு வைத்துவிட்டாள். எப்படிப் போட்டாள் என்று கேட்கக்கூடாது, அது பிள்ளைகள் விவகாரம்.

"இந்தத் தடவ நீ அதுல ஏறாம வரமாட்ட. அப்பா பொறுப்பு" என்று மகளிடம் சொல்லிவிட்டார். ஆழம் தெரியாமல் காலை விட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் சுற்றறிக்கை வந்தபோது அவர் ஒரு லிஃப்ட் கூண்டின் மேல் நின்று கயிற்றைச் சோதித்துக்கொண்டிருந்தார். போன் அதிர்ந்தது. 'உடை உடைமைக் குழு' என்ற தலைப்பில் பதினான்கு சாமான்கள். வெளிர் மஞ்சள் சட்டை, பளிச்சென்ற மஞ்சளாக இருக்கக்கூடாது. பருத்தி, ஆனால் சுருங்காத பருத்தி. துண்டு, சோப்பு, சீப்பு, தொப்பி, குளிர்கண்ணாடி, மழைக்கோட்டு. அன்றைக்கு வெயில் அடிக்கும் என்று நம்புகிறார்களா, மழை பெய்யும் என்று நம்புகிறார்களா என்று அவருக்குப் புரியவில்லை. பள்ளிக்கூடம் இரண்டையும் நம்பியது.

சாப்பாட்டு நேரத்தில் ஓடிப்போய் மஞ்சள் சட்டை வாங்கினார். கடைக்காரர் பில் போடுவதற்குள் இரண்டாம் சுற்றறிக்கை வந்தது. பூங்கா ஊழியர்களும் மஞ்சள் போடுவதால் பிள்ளைகளை ஊழியர்கள் என்று நினைத்து வேலை வாங்கிவிடும் அபாயம் இருக்கிறது, ஆகவே நீலம். நீலம் வாங்கி வீடு வந்து சேர்ந்ததும் மூன்றாவது வந்தது. நீலச் சட்டைக்கு மேல் பள்ளிச் சீருடை அணியவேண்டும். தண்ணீரில் இறங்கும்போது சீருடை நனையாமல் இருக்க அதற்கு மேல் மழைக்கோட்டு அணியவேண்டும். மழைக்கோட்டு நனையாமல் இருக்க என்ன அணியவேண்டும் என்பது குழுவின் பரிசீலனையில் இருந்தது.

அவர் மனைவிக்கு ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை. ஒரு நாளைக்கு எழுநூறு படுக்கை விரிப்பு பார்க்கிறவர். கட்டிலில் குவிந்து கிடந்ததைப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"என்னங்க இது? ஆப்பரேஷனுக்குக்கூட இவ்வளவு துணி போகாது."

"போகட்டும். ஒண்ணு குறைஞ்சாலும் இறக்கி விட்ருவாங்க."

"தண்ணியில விளையாடப் போற பிள்ளைக்கு நனையாம இருக்க மழைக்கோட்டா?"

"கேள்வி கேக்காத. கேள்வி கேட்டா இன்னொரு சுற்றறிக்கை வரும்."

கேட்காமலே வந்தது. ஒன்பது சுற்றறிக்கை, அவற்றுக்கு ஆறு திருத்தம். பதினான்கு சாமான் முப்பத்தொன்றாக வளர்ந்தது. பதினேழாவது ஒரு விசில், பிள்ளை தொலைந்தால் ஊதுவதற்கு. நான்காம் திருத்தம், விசில் ஊதினால் மற்றப் பிள்ளைகள் பயப்படுவார்கள் என்பதால் யாரும் விசில் ஊதக்கூடாது என்றது. ஆனால் விசில் கட்டாயம் இருக்கவேண்டும். இருபத்தாறாவது, பைக்கு ஓர் அடையாள அட்டை, பையின் புகைப்படத்தோடு. முப்பத்தொன்றாவது இந்தப் பட்டியலே, பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டியது.

பையைத் தூக்கிக்கொண்டு லிஃப்ட்காரர் ஸ்டூடியோவுக்குப் போனார். புகைப்படக்காரர் பையை முக்காலியில் உட்கார வைத்து, கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"எந்தப் பள்ளிக்கூடம்?"

சொன்னார்.

"அதானே. காலையிலேருந்து இது இருபத்திரண்டாவது பை. பின்னணி வெள்ளையா இருக்கணும், வார் ரெண்டும் தெரியணும், சிரிக்கக்கூடாது" என்று சொல்லிவிட்டு, தான் என்ன சொன்னோம் என்று தானே திகைத்துப்போய் விளக்கைப் போட்டார்.

எல்லாம் சேர்ந்துவிட்டது என்று லிஃப்ட்காரர் மூச்சு விட்டபோது நலக்குழுவின் சுற்றறிக்கை வந்தது. பிள்ளைகளின் முதுகெலும்பு நலன் கருதி, பையின் எடை பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. தாண்டினால் பஸ்ஸில் இடமில்லை. வாண்டு இருபத்து நான்கு கிலோ. பை, முப்பத்தொரு சாமானோடு, ஐந்து கிலோ.

மறுநாள் காலை வேலைக்குப் போகும் வழியில், கிரீஸ் படிந்த சட்டையோடு வகுப்பு டீச்சரைப் போய்ப் பார்த்தார்.

"டீச்சர், பட்டியல்ல இருக்கறத எல்லாம் வெச்சா அஞ்சு கிலோ வருது. ரெண்டு கிலோ நானூறு கிராம்தான் இருக்கணும்னு இன்னொரு சுற்றறிக்கை சொல்லுது."

"ஆமா சார். ரெண்டுமே எங்களோடதுதான்."

"ரெண்டும் ஒத்துவரலயே?"

"ஒத்துவரணும்னு அவசியம் இல்ல சார். சாமான் உடை உடைமைக் குழு. எடை நலக்குழு. அவங்க செவ்வாய்க்கிழமை கூடுவாங்க, இவங்க வியாழக்கிழமை. பாத்துக்கிட்டதே கிடையாது."

"அப்ப நான் என்னதான் பண்றது?"

டீச்சர் கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "பொறுப்பான பெற்றோர் எல்லாம் பிள்ளையோட எடைய ஏத்த ஆரம்பிச்சிட்டாங்க சார். இன்னும் பதினாறு நாள் இருக்கு."

லிஃப்ட்காரர் மனக்கணக்குப் போட்டார். ஐந்து கிலோ பைக்கு ஐம்பது கிலோ பிள்ளை வேண்டும், அதாவது பதினாறு நாளில் இன்னும் இருபத்தாறு கிலோ. "என் பொண்ணு யானைக்குட்டி இல்ல டீச்சர்."

"என்னைய ஏன் சார் கோவிச்சுக்கறீங்க? எனக்கும் ஒரு பட்டியல் குடுத்திருக்காங்க. நாப்பத்திரண்டு சாமான். நான் எத்தன கிலோ ஏறணும்னு நீங்களே சொல்லுங்க" என்றார் டீச்சர். அவர் கண் கலங்கியிருந்தது.

பாரம் குறைப்பது லிஃப்ட்காரருக்குத் தெரிந்த வேலை. அன்று சாயங்காலமே சமையலறை மேஜைமேல் தராசை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சோப்பைக் கால் பங்காக அறுத்தார். சீப்பில் ஒன்றுவிட்டு ஒரு பல்லைப் பிடுங்கினார். குளிர்கண்ணாடியிலிருந்து கண்ணாடியைக் கழற்றினார். பட்டியலில் 'உடையாத சட்டத்துடன்' என்றுதான் இருந்தது. மழைக்கோட்டில் முதுகுப்பக்கத்தை முழுசாக வெட்டி எடுத்தார், மழை முன்னாலிருந்துதான் பெய்யும் என்ற நம்பிக்கையில். விசிலுக்குள் இருந்த சின்ன உருண்டையை ஊசியால் நெம்பி வெளியே எடுத்தார். இனி அது ஊதினாலும் கேட்காது. ஊதக்கூடாது என்பதுதானே விதி. டார்ச்சிலிருந்து பேட்டரி போயிற்று. பையின் அடித்தட்டில் டிரில்லிங் மெஷினால் நாற்பது ஓட்டை போட்டார். மனைவி வந்து பார்த்தபோது துண்டை இரண்டாக வெட்டிக்கொண்டிருந்தார்.

"ஐயோ, புதுத் துண்டுங்க!"

"நூத்தி எண்பது கிராம்" என்றார் அவர், நிமிராமல்.

முள் இரண்டு கிலோ முந்நூற்றுத் தொண்ணூறில் வந்து நின்றது. முப்பத்தொன்றும் இருந்தன, எதுவும் எதற்கும் உதவாது. தன் வேலைத்திறனைப் பார்த்து அவருக்கே பெருமையாக இருந்தது. அந்தப் பெருமைதான் அவரைப் பிடித்த முதல் வியாதி. அப்போது அவருக்கு அது தெரியவில்லை.

பெற்றோர் கூட்டத்தில் தாளாளர் பேசினார். வெள்ளை முழுக்கைச் சட்டை, மார்பில் நான்கு பேனா. எதிரில் தண்ணீர் டம்ளர், அதன்மேல் மூடி, மூடியின்மேல் 'மூடி' என்று எழுதிய சீட்டு.

"பெற்றோர்களே! சுற்றுலான்னா ஜாலின்னு சில பேர் நினைக்கிறாங்க. ஜாலிங்கறது வீட்டுல. இங்க சுற்றுலாங்கறது ஒரு பாடம். என்ன பாடம்? தன் சாமானைத் தான் பத்திரமா பாத்துக்கற பாடம். இருபத்தேழு வருஷமா சுற்றுலா கூட்டிட்டுப் போறேன். இன்னைக்கு வரைக்கும் ஒரு கர்ச்சீஃப் தொலைஞ்சதில்ல." கைதட்டல். "பிள்ளைங்க ரெண்டு பேர் தொலைஞ்சிருக்காங்க. மறைக்க மாட்டேன். ஆனா அந்த ரெண்டு பேரோட பையும் எங்ககிட்ட பத்திரமா இருந்துச்சு!"

இன்னும் பலமான கைதட்டல். பின்வரிசையில் ஒரு அம்மா எழுந்து, அந்தப் பிள்ளைகள் கிடைத்தார்களா என்று கேட்டார்.

"சாயங்காலமே கிடைச்சிட்டாங்க. எப்படிக் கிடைச்சாங்க? பை எங்க இருக்கோ அங்க பிள்ளை வந்து சேரும். அதான் என் கொள்கை. பைய நீங்க பாத்துக்குங்க, பிள்ளை தன்னால வரும்" என்றார் தாளாளர்.

லிஃப்ட்காரரும் கை தட்டினார். பக்கத்தில் எல்லாரும் தட்டும்போது சும்மா இருந்தால் மகள் பெயர் எங்கேயாவது குறிக்கப்பட்டுவிடும் என்று பயம். அதே பயத்தில்தான் மற்றவர்களும் தட்டினார்கள்.

அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடவேளையை எடுத்துவிட்டு 'பை ஒத்திகை' வைத்தார்கள். விரிப்பை விரி, முப்பத்தொன்றையும் வரிசையாகப் பரப்பு, திரும்ப அடுக்கு. முதலில் ஏழு நிமிஷம், பிறகு ஐந்து. அதன்பின் கண்ணைக் கட்டிக்கொண்டு. "பதினெட்டு!" என்று பி.டி. மாஸ்டர் கத்தினால் பிள்ளை பைக்குள் கையை விட்டுப் பார்க்காமலே ஊக்குப் பெட்டியை எடுத்து நீட்டவேண்டும்.

வீட்டிலும் ஒத்திகை நடந்தது. லிஃப்ட்காரர் போனில் நேரம் பார்க்க, வாண்டு கூடத்தின் நடுவில் கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். "இருபத்து மூணு!" என்பார். பஞ்சு வரும். "எட்டு!" என்பார். கால் சோப்பு வரும். நான்கு நிமிஷம் பத்து நொடிக்கு வந்துவிட்டாள். வேலையிலிருந்து வந்ததும் சட்டைகூட மாற்றாமல், "வா வா, நாலுக்குள்ள வந்துரலாம்" என்று அவரே கூப்பிட ஆரம்பித்தார்.

"என்னங்க, அவ முந்தியெல்லாம் ராட்டினம் ராட்டினம்னு உயிரை வாங்குவா. இப்ப அந்தப் பேச்சையே காணோமே?" என்றார் மனைவி.

"அது போனப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல பஸ்ல ஏறட்டும்" என்றார் அவர்.

சுற்றுலா நாளும் வந்தது. லிஃப்ட்காரர் லீவு போட்டுவிட்டு, 'துணைப் பெற்றோர்' என்ற பதவியில் தானும் போக ஏற்பாடு செய்துகொண்டார். அந்தப் பதவிக்குப் பத்தொன்பது சாமான்தான்.

காலை ஆறு மணிக்கு மைதானத்தில் நூற்றுப்பன்னிரண்டு பிள்ளைகள், நூற்றுப்பன்னிரண்டு விரிப்பு. தூரத்திலிருந்து பார்த்தால் சந்தை கூடியிருக்கிறது என்றுதான் தோன்றும். உடை உடைமைக் குழு ஒவ்வொரு சாமானாகத் தொட்டுப் பார்த்து டிக் அடித்தது. நலக்குழு தராசில் வைத்தது. வாண்டு மூன்று நிமிஷம் ஐம்பத்தைந்து நொடியில் பரப்பி அடுக்கி எழுந்து நின்றாள். பி.டி. மாஸ்டர் விசிலை எடுத்து ஊதவே ஊதிவிட்டார், சந்தோஷத்தில். "எல்லாரும் இவளப் பாருங்க! போன வருஷம் மூணு கோடு. இந்த வருஷம் நாலு நிமிஷத்துக்குள்ள!" பிள்ளைகள் கைதட்டினார்கள். லிஃப்ட்காரர் எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினார். வெட்கத்தை விட்டுச் சொன்னால், மகள் பிறந்த அன்றுகூட அவர் அப்படி நெகிழவில்லை.

கடைசிப் பிள்ளையைச் சோதித்து முடிக்க மணி பத்தரை. அப்போது பி.டி. மாஸ்டருக்கு விதி ஒன்று ஞாபகம் வந்தது. சோதனை ஒரு மணி நேரம்தான் செல்லும். ஆறு மணிக்குச் சோதித்த பிள்ளைகள் அதற்குள் தண்ணீர் குடித்திருந்தார்கள். ஒன்பதாவது சாமான் 'நிரம்பிய தண்ணீர் பாட்டில்'. இப்போது அது நிரம்பியில்லை. சிலர் பிஸ்கட்டையும் தின்றுவிட்டார்கள். பசித்தது என்று காரணம் சொன்னார்கள். எல்லாப் பாட்டிலையும் நிரப்பி, புது பிஸ்கட் வாங்கிவந்து, யாரும் எதையும் தின்னாமலும் குடிக்காமலும் பார்த்துக்கொண்டு மறுசோதனை முடித்தபோது மணி ஒன்று. பஸ்கள் இரண்டும் கிளம்பின.

பூங்காவுக்கு மூன்று மணிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஆறு மணிக்குத்தான் மூடுவார்கள், இன்னும் மூன்று மணி நேரம் இருக்கிறது. உயரமான மதிலுக்கு மேலே பெரிய ராட்டினத்தின் பாதி தெரிந்தது. கூண்டுகள் ஒவ்வொன்றாக மேலே வந்து, கொஞ்சம் நின்று, மதிலுக்குப் பின்னால் இறங்கின. மேலே வந்தவர்கள் போட்ட சத்தம் வெளியே கேட்டது. பக்கத்துப் பெஞ்சுக்காரி வாண்டுவின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த இடத்திலேயே குதித்தாள்.

வாசல்காரர் கையை நீட்டித் தடுத்தார். "பைங்க உள்ள வராது."

"என்னது?" என்றார் தாளாளர்.

"ராட்டினத்துல மாட்டிக்கும் சார். யாரும் உள்ள பை கொண்டுபோக முடியாது. அதோ, பை வைக்கிற அறை. அங்க குடுத்துட்டு டோக்கன் வாங்கிக்குங்க. பிள்ளைங்களுக்கு ஒண்ணும் வேண்டாம் சார். செருப்பும் ஒரு மாத்துத் துணியும் இருந்தாப் போதும்."

'ஒண்ணும் வேண்டாம்' என்ற சொல் தாளாளரை எங்கோ தாக்கியது. அவர் ஓரடி பின்வாங்கினார். "பை இல்லாம பிள்ளைங்கள உள்ள அனுப்பறதா? அதுக்கு நான் எதுக்கு? பள்ளிக்கூடம் எதுக்கு?"

"விளையாட வந்த பிள்ளைங்கதானே சார்?"

"யார் சொன்னது விளையாட வந்தாங்கன்னு?" என்று சீறினார் தாளாளர். "உங்க டோக்கன்ல என்ன இருக்கு? வெறும் நம்பர். எங்க பை ஒவ்வொண்ணுக்கும் போட்டோ ஒட்டின அடையாள அட்டை இருக்கு. உங்க அறைக்கு இருக்கா?"

வாசல்காரர் அறையைத் திரும்பிப் பார்த்தார். அதற்கு அடையாள அட்டை இல்லைதான்.

இரண்டு குழுக்களும் வரலாற்றில் முதல் தடவையாக ஒன்றாகக் கூடின. முதல் பஸ்ஸின் பின்சீட்டில் அவசரக் கூட்டம். பாதிப் பிள்ளைகள் பையைக் காக்க, பாதிப் பிள்ளைகள் விளையாடலாம் என்று ஒரு யோசனை. பைகளை வெளியே விட்டு, அடையாள அட்டைகளை மட்டும் ராட்டினத்தில் ஏற்றலாம் என்று இன்னொன்று. லிஃப்ட்காரருக்கு இருப்புக் கொள்ளவில்லை. பஸ்ஸுக்கும் வாசலுக்கும் நடுவே நடந்துகொண்டே இருந்தார். நாலே முக்காலுக்குப் பொறுக்கமுடியாமல் பஸ்ஸுக்குள் ஏறினார்.

"சார், நூத்திப் பன்னிரண்டு பையையும் நானே பாத்துக்கறேன். இந்த இடத்த விட்டு அசைய மாட்டேன். பிள்ளைங்கள அனுப்புங்க சார். நேரம் ஆகுது."

தாளாளர் அவரைக் கனிவோடு பார்த்தார். "உங்க அக்கறை புரியுது. ஆனா நீங்க துணைப் பெற்றோர். பைக்காப்பாளர் பதவிக்குத் தனி விண்ணப்பம். அதுக்கு இருபத்தெட்டு சாமான் வேணும், உங்ககிட்ட பத்தொன்பதுதான் இருக்கு."

"சார், அவ ஒரு வருஷமா காத்திருக்கா சார்" என்றார் லிஃப்ட்காரர்.

"அந்தப் பொறுமைதான் சார் எங்க பள்ளிக்கூடத்தோட வெற்றி" என்றார் தாளாளர்.

ஐந்தரைக்கு வாசல்காரர் டிக்கெட் ஜன்னலைச் சாத்தினார். பிள்ளைகளைப் பையோடு மதிலை ஒட்டி உயர வரிசையில் நிறுத்திப் புகைப்படம் எடுத்தார்கள். படத்தில் பின்னால் ராட்டினத்தின் பாதியும் விழுந்தது. திரும்பி வரும் வழியில் தாளாளர் பஸ்ஸுக்குள் எழுந்து நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு பேசினார். "இருபத்தேழு வருஷத்துல இதுதான் நம்ம சிறந்த சுற்றுலா. ஒரு பிள்ளை தொலையல. ஒரு பை தொலையல. ஒரு துண்டுகூட ஈரமாகல!"

பி.டி. மாஸ்டர் கைதட்டினார். பிள்ளைகளும் தட்டினார்கள். பக்கத்துப் பெஞ்சுக்காரி மட்டும் ஜன்னலில் முகத்தை வைத்து அழுதுகொண்டு வந்தாள். வாண்டு அழவில்லை. பையை மடியில் வைத்து, திறந்து, எண்ணிக்கொண்டிருந்தாள்.

அழுதிருந்தால் லிஃப்ட்காரர் ஆறியிருப்பார். அவள் எண்ணிக்கொண்டு வந்தது அவருக்குத் தாங்கவில்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார், "ஞாயித்துக்கிழமை நானே கூட்டிட்டுப் போறேன். எவன் பட்டியலும் வேண்டாம். நானும் அவளும். ஏறுறோம், இறங்குறோம், வர்றோம்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் வாண்டு நீலச் சட்டைக்கு மேல் சீருடை போட்டுக்கொண்டு, பையை முதுகில் மாட்டி, வாசலில் தயாராக நின்றாள்.

"அதெல்லாம் கழட்டு. கவுன் போட்டுக்க. பை வேண்டாம்."

"பை இல்லாமலா?" என்றாள். செருப்பில்லாமல் முள்ளில் நடக்கச் சொன்னதுபோல அவள் முகம் ஆகிவிட்டது.

"விடுங்க, பைய மட்டும் எடுத்துட்டு வரட்டும். பாவம்" என்றார் மனைவி. சீருடையைக் கழற்றவைப்பதற்கே அரைமணி நேரம் ஆயிற்று.

இரண்டு பஸ் மாறிப் போனார்கள். அதே வாசல்காரர். லிஃப்ட்காரரை அடையாளம் கண்டுகொண்டு, "இன்னைக்கு எத்தன பை?" என்று கேட்டார். பை வைக்கிற அறை வாசலுக்கு இடப்பக்கம் இருந்தது, சிவப்புத் தகரக் கூரை. அங்கே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த ஆள் பையை வாங்கி, மற்றப் பைகளோடு அலமாரியில் தள்ளிவிட்டு ஒரு டோக்கனை நீட்டினான். எதையும் எண்ணவில்லை. வாண்டு அந்த ஆளையே பார்த்துக்கொண்டு நின்றாள். லிஃப்ட்காரர் அவள் தோளைப் பிடித்து நகர்த்தவேண்டியிருந்தது.

ராட்டினத்துக்குக் கூட்டம் அதிகமில்லை. ஏறுவதற்கு முன் லிஃப்ட்காரர் தொழில் பழக்கத்தில் கூண்டின் கொக்கியை ஒரு தடவை ஆட்டிப் பார்த்தார், கெட்டியாக இருந்தது. ராட்டினக்காரர் குறுக்குக் கம்பியைப் போட்டார். கூண்டு மெல்லப் பின்னுக்குப் போய் மேலே எழும்பியது. மரங்கள் கீழே போயின, மதில் கீழே போயிற்று. காற்று அடித்தது. மேல் கூண்டில் யாரோ "ஊ" என்று கத்தினார்கள், கீழ்க் கூண்டில் பதிலுக்குக் கத்தினார்கள். லிஃப்ட்காரரின் நெஞ்சு நிறைந்தது. ஏற்றிவிட்டேன், கடைசியில் ஏற்றிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டார்.

உச்சியில் கூண்டு நின்றது. வாண்டு கம்பியின் மேல் குனிந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு கீழே தேடினாள்.

"அப்பா, பை வைக்கிற அறை எந்தப் பக்கம்?"

நன்றாகத் திட்டிவிடவேண்டும் என்றுதான் வாயைத் திறந்தார். "சிவப்புத் தகரக் கூரை. பெரிய மரத்துக்கு இந்தப் பக்கம்" என்று வாய் சொல்லிவிட்டது. தேடாமலே சொன்னார். ஏற ஆரம்பித்ததிலிருந்து அவர் பார்த்துக்கொண்டிருந்ததும் அதைத்தான்.

"கதவு தொறந்து கிடக்குப்பா."

"ஆமா."

"அந்த ஆளைக் காணோம்."

"டீ குடிக்கப் போயிருப்பான்" என்றார். சொல்லிவிட்டு அவரும் கழுத்தை நீட்டினார். கூண்டு இறங்கியது, ஏறியது, இறங்கியது. ஒவ்வொரு தடவை மேலே வரும்போதும் இரண்டு பேரும் ஒரே பக்கம் சாய்ந்தார்கள். கூண்டும் அந்தப் பக்கம் சாய்ந்தது. "நேரா உக்காருங்க!" என்று கீழேயிருந்து ராட்டினக்காரர் கத்தினார். மூன்று சுற்று முடிந்தது.

ராட்டினக்காரர் கம்பியைத் தூக்கிவிட்டு, "கூட்டம் இல்ல, இன்னொரு சுத்து சும்மாவே போறீங்களா? பாப்பாவ இன்னும் கொஞ்சம் மேல நிறுத்திக் காட்றேன்" என்றார், நல்ல மனிதர்.

அவர் சொல்லி முடிப்பதற்குள் வாண்டு குதித்து இறங்கிச் சிவப்புக் கூரையை நோக்கி ஓடிக்கொண்டிருந்தாள். "ஏய், நில்லுடி!" என்று கத்திக்கொண்டு லிஃப்ட்காரரும் ஓடினார். அவளைப் பிடித்து நிறுத்தி, திரும்பக் கூட்டிவந்து ராட்டினத்தில் ஏற்றத்தான் ஓடினார். பாதி வழியில் அவளைத் தாண்டிப் போனார்.